ஈற்றைத் திறக்கலாமா, வேண்டாமா?

கோத்தகிரியில் மழை பிடித்துக்கொண்டால் நோயாளிகள் முதலில் தவறவிடுவது தையல் பிரிக்கும் நாளைத்தான். சென்ற ஐப்பசியில் கீழ்க் கடைவாய்ப்பல் இழந்து வந்த தேயிலை விவசாயி ஒருவர், "தையலே போடாம இம்ப்ளான்ட் வைக்கலாமாமே டாக்டர், எனக்கும் அப்படியே செஞ்சிடுங்க" என்றார்.

அப்படி ஒரு முறை உண்டு. ஈற்றில் 4, 5 மில்லிமீட்டர் அகலத்துக்கு வட்டமாக ஒரு துண்டை எடுத்துவிட்டு, அந்த வழியாகவே எலும்பைத் துளைத்து இம்ப்ளான்டை, அதாவது செயற்கைப் பல்லைத் தாங்கும் திருகை, இறக்குவார்கள். ரத்தப்போக்கும் வீக்கமும் குறைவு. அதைவிட முக்கியமானது, பல் போனதும் வேரைச் சுற்றிய சவ்வு வழியே வந்த ரத்த ஓட்டம் நின்றுவிடுவதால், எலும்பின் வெளிப்பக்கம் அதன் மேலுறையையே பெரிதும் நம்பியிருக்கிறது. வழக்கமான முறையில் ஈற்றைக் கீறிப் பிரித்துத் தூக்கும்போது அந்த உறையும் சேர்ந்து விலகுவதால் எலும்பின் விளிம்பு சிறிது தேயக்கூடும்.

ஆனால் ஈற்றைத் திறக்காவிட்டால் எலும்பு கண்ணுக்குத் தெரியாது. இவருடைய தாடை மேடு விரலுக்கு 8 மில்லிமீட்டர் அகலமாகப் பட்டது. கோவைக்கு இறங்கி எடுத்து வந்த, தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேனில் உச்சியில் எலும்பு 5 மில்லிமீட்டர்தான், மீதியெல்லாம் தடித்த ஈறு. 4 மில்லிமீட்டர் இம்ப்ளான்டுக்கு இருபுறமும் ஒவ்வொரு மில்லிமீட்டராவது எலும்பு வேண்டும். போதாததற்கு நாக்குப் பக்கம் எலும்பு உள்வாங்கியிருந்தது. அங்கே துளைகருவி வெளியேறினால், நாக்கின் அடியில் ரத்தம் கட்டி மூச்சையே அடைக்கலாம்.

ஆகவே திறந்தேன். ஈறு விலகியதும் வெள்ளை எலும்பு கூரை முகடு போல ஒடுங்கி நின்றது. கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்புக் குழாய்க்கு மேல் விட வேண்டிய 2 மில்லிமீட்டர் போக உயரம் தாராளமாக இருந்ததால், முகட்டைச் சிறிது சமன்செய்து அகலம் கிடைத்த இடத்தில் பொருத்தினேன். எலும்பு 47 டிகிரியில் ஒரு நிமிடம் சூடானாலே கெட ஆரம்பிக்கும் என்பதால் குளிர்விக்கும் உப்பு நீர் துளைக்குள் விழுவதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய முடிவது எனக்குப் பெரிய நிம்மதி.

அகலமான எலும்பும் உறுதியான ஈறும் இருந்தால் நானும் திறப்பதில்லை. உறுதியான ஈறு குறைவாக இருப்பவரிடம் அதையும் வட்டமாக வெட்டி எறிவது வீண் செலவு.

கரையும் நூலால் தைத்திருக்கலாம்தான். ஆறியதைக் கண்ணால் பார்க்காமல் விட எனக்கு மனம் வருவதில்லை. பத்தாம் நாள் அவர் நனைந்த குடையோடு வந்தார். நான்கு தையலையும் பிரிக்க மூன்று நிமிடம் ஆனது. ஊர் திரும்பப் பேருந்துக்கு அவர் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார்.