கேனன் ஏ590 ஐஎஸ்: இன்றைக்கு வாங்கலாமா, வாங்கினால் எப்படி ஓட்டுவது

சிசிடி (ஒளியைப் படமாக்கும் பழைய வகைச் சென்சார்) உள்ள பழைய கேமராக்களுக்கு இப்போது திடீர் மவுசு. "சிசிடி கலரே தனி" என்று சொல்லி, மூலையில் கிடந்த கேமராவுக்கெல்லாம் விலை ஏற்றி விற்கிறார்கள். கலரைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு சென்சாருக்கு மேலிருக்கும் வண்ண வடிகட்டிக்கும் உள்ளே ஓடும் செயலிக்கும்தான். சிசிடி என்ற மூன்றெழுத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். பவர்ஷாட் ஏ590 ஐஎஸ் வாங்குவதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன: கடையில் கிடைக்கும் ஏஏ பேட்டரி, கண் வைத்துப் பார்க்க ஒரு வியூஃபைண்டர், மோடு டயலில் பி (புரோகிராம்), டிவி (ஷட்டர் வேகத்தை நாமே வைப்பது), ஏவி (லென்ஸ் துளையை நாமே வைப்பது), எம் (இரண்டையும் நாமே வைப்பது) நான்கும். இந்த மூன்றும் ஒன்றாக அமைந்த மலிவு கேமரா இப்போது புதிதாக வருவதில்லை.

2008-இல் வந்த மாடல். 8 மெகாபிக்சல், 1/2.5 அங்குல சென்சார், டிஜிக் 3 செயலி, 35–140 மி.மீ.க்கு நிகரான 4 மடங்கு ஜூம், லென்ஸுக்குள்ளேயே நடுக்கத் தடுப்பு. படம் 3264 × 2448 அளவில் வரும். ஏ4 பிரிண்ட்டுக்குத் தாராளம். 2.5 அங்குலத் திரை மட்டும் அந்தக் காலத்து 1,15,000 புள்ளித் திரை. ஃபோகஸ் சரியாக விழுந்ததா என்று அதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு நகருங்கள்.

இந்தக் கேமராவைப் பற்றி வரும் புகாரில் பெரும்பகுதி உண்மையில் பேட்டரிப் புகார். பெட்டிக்கடை அல்கலைன் இரண்டைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் "பேட்டரியை மாற்றவும்" என்று திரையில் வரும். அதே பேட்டரியைச் சுவர்க் கடிகாரத்தில் போட்டால் மாதக்கணக்கில் ஓடும். லென்ஸை வெளியே தள்ளும் மோட்டாரும் ஃபிளாஷ் சார்ஜும் ஒரே நேரத்தில் நிறைய மின்னோட்டம் இழுக்கும்போது அல்கலைனின் வோல்டேஜ் சரிந்துவிடும். கேமரா அதைத் தீர்ந்துபோன பேட்டரி என்று எடுத்துக்கொள்ளும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிக்கு 1.2 வோல்ட்தான் என்றாலும் கடைசிவரை அதே அளவில் நிற்கும். எனலூப் போல, சும்மா வைத்தாலும் சார்ஜ் அதிகம் இறங்காத 2000 எம்ஏஹெச் வகை நான்கு வாங்கி, இரண்டு இரண்டாக ஜோடி பிரித்து எண் எழுதிவையுங்கள். ஜோடி மாறினால் பலவீனமான ஒன்று மற்றதையும் கெடுக்கும். பேட்டரி எச்சரிக்கை வந்த பிறகு அதிக நேரம் கிடைக்காது. உடனே மாற்ற அடுத்த ஜோடி பையில் இருக்கட்டும்.

நல்ல பேட்டரி போட்டும் அதே செய்தி வந்தால் பேட்டரி முனைகளைப் பாருங்கள். பச்சையோ வெள்ளையோ படிந்திருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். போகாவிட்டால் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள். மூடியின் உட்பக்கத் தகட்டையும் மறக்கக்கூடாது. தேதி ஒவ்வொரு முறையும் அழிந்துபோனால் அது வேறு கணக்கு: கடிகாரத்துக்கென்று தனியாக ஒரு பட்டன் செல் இருக்கிறது, அதை மாற்ற வேண்டும்.

படத்தின் தரம் முழுக்க வெளிச்சத்தைப் பொறுத்தது. ஐஎஸ்ஓ (ஒளிக்குச் சென்சார் காட்டும் உணர்திறன்) 80-இலும் 100-இலும் படம் துல்லியம். 200-உம் நன்று. 400-இல் நிழல் பகுதியில் புள்ளி தெரியும், சின்ன பிரிண்ட்டுக்குப் பரவாயில்லை. 800-க்கு மேல் தலைமுடி, புல் எல்லாம் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். ஆகவே ஆட்டோ ஐஎஸ்ஓவை நம்பாமல் நீங்களே வையுங்கள். வீட்டுக்குள் எடுக்கும்போது ஜூம் செய்யாமல், இரண்டடி முன்னால் போங்கள். அகலக் கோணத்தில் எஃப்/2.6 ஆக இருக்கும் (எஃப் எண் கூடினால் லென்ஸ் துளை சிறிதாகும்) லென்ஸ், முழு ஜூமில் எஃப்/5.5 ஆகிவிடும். உள்ளே வரும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே. நடுக்கத் தடுப்பு கைநடுக்கத்தைத்தான் தாங்கும். ஓடும் குழந்தையை அது நிறுத்தாது, அதற்கு ஷட்டர் வேகம் வேண்டும்.

வெயிலில் பிரச்சினை தலைகீழ். சின்ன சென்சார், வெள்ளை சீக்கிரம் வெளிறிப்போகும். வேட்டி சட்டையில் ஒருவர் உச்சிவெயிலில் நின்றால் துணியின் மடிப்பே காணாமல் போகும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) −2/3-க்கு இறக்கிவிட்டு எடுங்கள். நிழலை அப்புறம் கணினியில் தூக்கிக்கொள்ளலாம், போன வெள்ளையை மீட்க முடியாது. ஏவி மோடில் எஃப்/8 வைத்தால் கூர்மை கூடும் என்று பெரிய கேமராப் பழக்கத்தில் நினைப்பவர்கள் உண்டு. இவ்வளவு சிறிய சென்சாரில் துளை சுருங்கச் சுருங்க ஒளி விலகிப் பரவி, படம் மங்கத்தான் செய்யும். அகலக் கோணத்தில் எஃப்/4 சுற்றி வைத்தால் போதும்.

ஃபோகஸ் கட்டத்தை நடுவில் நிறுத்திவிடுங்கள். தானாகத் தேர்ந்தெடுக்க விட்டால், முகத்தை விட்டுவிட்டுப் பின்னால் உள்ள ஜன்னல் கம்பியைப் பிடிக்கும். ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தி, ஃபோகஸ் பூட்டியதும் காத்திருந்து முழுதாக அழுத்தினால் தாமதம் அவ்வளவாகத் தெரியாது. ஃபிளாஷ் போட்டால் மட்டும் பொறுமை வேண்டும். சார்ஜ் ஏறும்வரை திரை இருண்டுவிடும்.

பிரகாசமான விளக்கு சட்டத்துக்குள் வந்தால் திரையில் மேலிருந்து கீழாக ஒரு ஊதாக் கோடு ஓடும். பழுது என்று பயப்பட வேண்டாம், சிசிடியின் குணம் அது. எடுத்த படத்தில் வராது, இயந்திர ஷட்டர் மூடிக்கொள்வதால். வீடியோவில் வரும். வீடியோவே 640 × 480 தான், ஓடும்போது ஆப்டிகல் ஜூமும் வேலை செய்யாது. அதற்கு போனே மேல்.

கைமாறி வாங்குகிறீர்கள் என்றால் உங்கள் பேட்டரியையும் கார்டையும் எடுத்துப்போங்கள். 32 ஜிபி வரையான எஸ்டிஹெச்சி கார்டு போதும். 64 ஜிபி எஸ்டிஎக்ஸ்சி கார்டு இதற்கு ஆகாது. கேமராவை ஐந்தாறு முறை அணைத்துப் போட்டு, லென்ஸ் கரகர சத்தமின்றி நீள்கிறதா என்று கேளுங்கள். மணல் புகுந்த லென்ஸ் பாதியில் நின்று "லென்ஸ் எரர்" காட்டும். பழுது பார்க்கும் கூலி கேமரா விலையைத் தாண்டும். போன் டார்ச்சைச் சாய்வாக லென்ஸுக்குள் அடித்தால் பூஞ்சை சிலந்தி நூல்போலத் தெரியும். கடலோர ஊர் கேமராக்களில் இது சகஜம். பேட்டரி மூடியின் கொக்கி உடைந்து, ரப்பர் பேண்ட் மாட்டியிருந்தால் விட்டுவிடுங்கள். இன்னும் பழைய ஏ60, ஏ70, ஏ75 மாடல்களை யாராவது காட்டினால் கூடுதல் கவனம்: வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் அவற்றின் சிசிடி செயலிழந்து படம் கலைந்தோ கறுத்தோ போகும் குறை 2005-இல் பெரிய அளவில் வெளிவந்தது.

கடைசியாக சிஹெச்டிகே. கேனன் கொடுக்காத வசதிகளை, கார்டிலிருந்தே ஏற்றித் தரும் இலவச மென்பொருள் இது. ரா படம் (சென்சார் தந்த தகவலை அப்படியே சேமிக்கும் கோப்பு), குறிப்பிட்ட இடைவெளியில் தானாக எடுப்பது, நேரடி ஹிஸ்டோகிராம் (இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) எல்லாம் வந்துவிடும். ரா படம் ஒவ்வொன்றும் சுமார் 10 எம்பி இருக்கும். கேமராவின் சொந்த மென்பொருளை இது மாற்றாது. கார்டைக் கழற்றினால் பழைய கேமராதான். உங்கள் கேமராவின் மென்பொருள் பதிப்பு எண்ணுக்குச் சரியான கோப்பையே இறக்க வேண்டும். மாறினால் கேமரா இயங்காமல் உறைந்துவிடும், பேட்டரியைக் கழற்றி மாட்ட வேண்டியதுதான். 2 ஜிபி கார்டு ஒன்றை ஃபேட்16 என்ற கோப்பு முறையில் ஃபார்மேட் செய்து பூட் கார்டாக்கி (கேமரா அதிலிருந்தே தொடங்கும்படி செய்து), பக்கவாட்டுப் பூட்டை "லாக்" பக்கம் தள்ளிப் போடுங்கள். பூட்டியிருந்தால்தான் கேமரா அதிலிருந்து தொடங்கும். அப்படியிருந்தும் படங்கள் வழக்கம்போல் கார்டில் பதிவாகும்.