ராவி நதிக்கரையில் உழுத குரு

சீக்கிய நெறி என்றதும் தலைப்பாகையும் கிர்பான் என்னும் குறுவாளும்தான் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்த நெறி வேர்விட்டது ராவி நதிக்கரையின் வயல்களில் என்பதையே நான் முதலில் சொல்ல விரும்புகிறேன். இன்று பாகிஸ்தானில் நன்கானா சாகிப் என்று வழங்கும் தல்வண்டியில் 1469-இல் பிறந்த குரு நானக், சுல்தான்பூரில் ஆளுநர் தவுலத் கான் லோதியின் தானியக் களஞ்சியத்தில் பணியாற்றியவர். பின்னர், ரபாப் என்னும் நரம்பிசைக் கருவியை வாசிக்கும் இஸ்லாமியரான மர்தானாவுடன் ஊர் ஊராக நடந்து, தாம் உணர்ந்ததைப் பாடல்களாகப் பாடினார். பயணங்கள் முடிந்தபின் அவர் காட்டையோ குகையையோ நாடவில்லை. ராவி நதிக்கரையிலுள்ள கர்தார்பூரில் குடும்பத்தோடு குடியமர்ந்து, உழுது பயிரிட்டு, விளைந்ததை வந்தவர்களோடு பகிர்ந்துகொண்டு, 1539-இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார்.

இறைவன் ஒருவனே, அவன் படைப்பவன், அச்சமும் பகையும் இல்லாதவன், பிறவிக்குள் வராதவன் என்கிறது சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த சாகிப்பின் தொடக்கத்திலுள்ள மூல மந்திரம். அவன் நாமத்தை நினைப்பது, நேர்மையாக உழைப்பது, உள்ளதைப் பகிர்ந்து உண்பது ஆகிய மூன்றும் அன்றாடக் கடமைகள். துறவே உயர்வெனப் போற்றப்பட்ட காலத்தில் இல்லறத்தையும் உழைப்பையும் இறைவழியாக ஏற்றதே இந்நெறியின் பெரும் துணிவு என்று கருதுகிறேன். லங்கர் என்னும் சமபந்தியில் எச்சாதியினரும் ஒரே வரிசையில் தரையில் அமர்ந்து உண்கின்றனர். தம்மைக் காண வருவோர் முதலில் அந்தப் பந்தியில் அமர வேண்டும் என்பது மூன்றாம் குரு அமர்தாஸ் வகுத்த முறை.

மகன்கள் இருவர் இருந்தும் லஹணா என்ற சீடரையே நானக் அடுத்த குருவாக்கி, அங்கத் என்று பெயரிட்டார். பின்னாளில் குருபீடம் ஒரே குடும்பத்துக்குள் தங்கியது உண்மைதான். எனினும் சமத்துவ உணர்வு மங்கவில்லை. 1604-இல் ஐந்தாம் குரு அர்ஜன் தொகுத்த, அப்புனித நூலின் முதல் வடிவமான ஆதி கிரந்தத்தில் நெசவாளர் கபீர், தோல் தொழிலாளர் ரவிதாஸ், சூஃபி ஞானி ஷேக் ஃபரீத் ஆகியோரின் பாடல்களும் குருமார்களின் பாடல்களோடு இடம்பெற்றன.

1699-இல் பஞ்சாபின் ஆனந்தபூரில், தலையைத் தர யார் தயார் என்று பத்தாம் குரு கோவிந்த் சிங் வாளேந்திக் கேட்டபோது முன்வந்த ஐவரில் ஒருவர் கர்நாடகத்தின் பீதரைச் சேர்ந்த நாவிதர், இன்னொருவர் ஒடிசாவின் பூரியிலிருந்து வந்தவர். இரும்புக் கிண்ணத்து நீரில் சர்க்கரையிட்டு, இருபுறமும் கூரான வாளால் கலக்கிய அமிர்தத்தை அவர்களுக்கு அளித்துக் கால்சா என்னும் தீட்சை பெற்ற சீக்கியர் சமூகத்தை நிறுவிய குரு, அதே அமிர்தத்தைத் தமக்கும் அளிக்குமாறு அந்த ஐவரிடமே வேண்டிப் பெற்றுக்கொண்டார். சீடரிடம் குரு தீட்சை கேட்டு நின்ற இந்நிகழ்ச்சிக்கு ஈடாக வேறொன்றை நான் அறியேன். 1708-இல் நாந்தேடில் மறையுமுன், தமக்குப்பின் மனிதர் எவரும் குருவாகாமல் கிரந்தமே குருவாக விளங்கும் என்று அவர் அறிவித்தார்.