சும்மா வந்த பம்ப், காசுக்கு வந்த டியூப்

போன மாதம் மாமாவுக்குப் பினாங்கில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நாலு நாள் சிகிச்சை. பில்லைப் பார்த்துவிட்டு அத்தை போன் செய்தார். "தம்பி, நீ ஆஸ்பத்திரிக்குச் சாமான் விக்கிற வேலையில இருந்தியே, மருந்து ஏத்துற டியூபுக்கு ஏன்டா இவ்வளவு வெள்ளி?"

நல்ல கேள்விதான். அந்த டியூபை மாட்டும் பம்ப்பை ஆஸ்பத்திரி காசு கொடுத்து வாங்காமலே இருந்திருக்கலாம். அப்படி வார்டில் இறக்கிவிட்டு வந்த பம்ப்புகள் என் கணக்கிலேயே நிறைய உண்டு, பதிலுக்கு மாதம் இத்தனை பெட்டி டியூப் எங்களிடமே எடுக்க வேண்டும், வேறு டியூபைப் போட்டால் மருந்து போகும் அளவு தப்பிவிடும். லேப்பிலும் இதே கதை: ரத்தம் சோதிக்கும் பெரிய மெஷின் சும்மா வரும், அதில் ஊற்றும் சோதனை ரசாயனமான ரீஏஜெண்ட் வருடக்கணக்கில் காசுக்கு வரும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள், இந்த மாட்டுக்குப் பல்லைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஜிஎச், அதாவது அரசாங்க ஆஸ்பத்திரி, வேறு மாதிரி. சின்னத் தொகை என்றால் நேரடி கொள்முதல், அதற்கு மேல் செபுட் ஹார்கா (சில கம்பெனிகளிடம் விலை எழுதி வாங்குவது), இன்னும் பெரிதென்றால் டெண்டர். தரத்தைப் பார்க்கும் குழு வேறு, விலையைப் பார்க்கும் குழு வேறு. மெஷினும் 2012 மருத்துவச் சாதனச் சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும். சரி, இதெல்லாம் பேப்பர் வேலை, பழகிவிடும்.

சிக்கல் வாரண்டி முடிந்த பிறகுதான். 1997-இல் சுகாதார அமைச்சு துப்புரவு, துணி வெளுப்பு, மருத்துவக் கழிவு, கட்டடப் பராமரிப்பு, மெஷின் பராமரிப்பு ஐந்தையும் குத்தகைக்கு விட்டது. அதாவது விற்றது ஒருவர், வாங்கியது ஒருவர், பழுது பார்ப்பது மூன்றாமவர். டெண்டர் எழுதும்போதே சர்வீஸ் மேனுவலும் பழுது பார்க்க மெஷினுக்குள் நுழையும் பாஸ்வேர்டும் கேட்டு வாங்காவிட்டால் அந்த மூன்றாமவர் திரும்ப விற்றவனிடம்தான் வந்து நிற்பார், அப்போது விற்றவன் சொல்வதுதான் விலை. ஓர் இடத்தில் அந்த ஒரு வரி விடுபட்டதால் நல்ல ஸ்கேன் மெஷின் ஒன்று வாரக்கணக்கில் மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. விற்றது நாங்கள்தான், எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் கோட்டேஷனைக் குறைத்துப் போட மேலிடம் விடவில்லை.

அத்தை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அப்புறம், "இவ்வளவு காசு வாங்குனவன் அந்த டியூபையாவது கையில கொடுத்திருக்கலாமே" என்றார்.

அது மஞ்சள் பையில் கட்டி எரிக்கப் போயிருக்கும் அத்தை. அதைத் தூக்கிப் போவதற்கும் தனியாக ஒரு காண்ட்ராக்ட் இருக்கிறது.