அண்ணன் வருவதற்குள்

செப்டம்பர் 2
இன்றும் அந்தச் சத்தம். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தபோது 'டக்' என்று செயின் ஒரு பல் தாண்டியது. பெடல் வெறுமனே கீழே போய், முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைந்ததும் அண்ணன் கேட்டான்: "சைக்கிள் எப்படி இருக்கு?" நல்லா இருக்கு என்றேன்.

செப்டம்பர் 3
ஸ்கேல் வைத்துச் செயினை அளந்தேன். கண்ணிகளைக் கோக்கும் பின் ஒன்றிலிருந்து அடுத்த பின் வரை அரை அங்குலம். 24 கண்ணிக்குச் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். எட்டில் ஒரு அங்குலம் தள்ளி நிற்கிறது, அதாவது ஒரு சதவீதத்துக்கும் மேல். 9 கியர் செயினை 0.75 சதவீதத்திலேயே மாற்றியிருக்க வேண்டும். செயின் நீண்டுவிட்டது என்கிறோம், இரும்பு எங்கே நீளும்? ஒவ்வொரு பின்னும் அது உரசும் இடமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, எல்லாம் சேர்ந்து இவ்வளவு. அண்ணன் படுத்த நாளிலிருந்து அவனுடைய இந்தச் சைக்கிளில் போய் வருவது நான். மண்ணைத் துடைக்காமல் அதன் மேலேயே எண்ணெய் விட்டதும் நான்தான். மண்ணும் எண்ணெயும் சேர்ந்தால் அரம் மாதிரி ராவும்.

செப்டம்பர் 4
தூங்கவில்லை.

செப்டம்பர் 6
புதுச் செயின் வந்தது. பழையதைப் பக்கத்தில் தொங்கவிட்டு நீளம் பார்த்து வெட்டப் போனேன், நல்லவேளை நிறுத்தினேன். 108 கண்ணியில் ஒரு சதவீதம் என்றாலே ஒரு கண்ணியின் நீளத்துக்கு மேல் வரும், அளவு தப்பும். எண்ணித்தான் வெட்ட வேண்டும். மூன்று முறை எண்ணினேன்.

மாட்டி ஓட்டினால் முன்னைவிட மோசம். டக், டக், டக். பின்பக்கப் பற்சக்கரங்களில் சிறியதிலிருந்து மூன்றாவதும் நாலாவதும் மிதி தாங்கவே இல்லை. நான் எப்போதும் ஓட்டுவது அந்த இரண்டில். அவற்றின் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து சுறாவின் துடுப்பு மாதிரி நிற்கின்றன. தேய்ந்த செயினோடு சேர்ந்து தேய்ந்த பல்லில் புதுச் செயின் உட்காராது. இது தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் ஆசைப்பட்டேன்.

கேசட்டும், அதாவது பின்பக்கப் பற்சக்கர அடுக்கும், மாற்ற வேண்டும்.

செப்டம்பர் 7
அண்ணன் போட்டிருந்த கேசட் டியோர் எக்ஸ்டி. ஷிமானோ கம்பெனி வரிசையில் கீழிருந்து மேலாக ஆல்டஸ், அசேரா, அலிவியோ, டியோர், அதற்கும் மேலே எக்ஸ்டி. காசு சேர்த்து சேர்த்து வாங்கினான், பெட்டியைப் பிரித்த அன்று என்னைத் தொடவே விடவில்லை. இப்போது கையில் இருப்பதற்கு ஆல்டஸ்தான். மருந்துச் சீட்டு மடித்தபடி சட்டைப் பையில் இருக்கிறது.

கணக்குப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. 9 கியர் என்றால் பற்சக்கரங்களுக்கு நடுவே இடைவெளி இரண்டிலும் ஒன்றே. பின்சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப்பின் வரிப்பள்ளங்களிலும் அதேபோல் உட்காரும். கியர் மாற்றும் கைப்பிடியைத் தொடவே வேண்டாம். எக்ஸ்டியில் பெரிய சக்கரங்களை அலுமினியத் தாங்கியில் கோத்திருப்பார்கள், எடை குறையும். இது முழுக்க இரும்பு, கனம் கூடும். கனத்தை நான் சுமந்துகொள்கிறேன். ஆனால் அவன் இதைக் கையில் எடுத்துப் பார்ப்பானே.

செப்டம்பர் 9
கடையில் முதலில் ஃப்ரீவீலை எடுத்துக் கொடுத்தார்கள். அதிலும் பல் இருக்கும், வட்டமாகத்தான் இருக்கும். ஆனால் அது ஹப்பில் மரை போட்டுத் திருகுவது. நமக்கு வேண்டியது சொருகி, மேலே லாக்ரிங் என்ற பூட்டு வளையத்தை இறுக்குவது. திருப்பிக் கொடுத்து, கேசட் வாங்கி வந்தேன்.

அண்ணன் இன்று பேசவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

செப்டம்பர் 10
முடிந்தது! செயின் துண்டு கோத்த பிடியான செயின் விப்பால் பற்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு லாக்ரிங்கைத் திருப்பினேன். நகரவில்லை. ஸ்பேனரில் குழாய் மாட்டி முழு உடம்பையும் கொடுத்த பிறகுதான் 'கடக்' என்று விட்டது. புதியதில் ஒரு வரி மட்டும் அகலம் வேறு, அதனால் ஒரே விதமாகத்தான் உட்காரும், தப்பாகப் போட முடியாது. கடைசியில் இறுக்கும்போது லாக்ரிங் கரகரவென்று பேசியது. 40 நியூட்டன் மீட்டர் இறுக்கம் வேண்டும் என்று அதன் மேலேயே எழுதியிருக்கிறது. அளக்கும் ஸ்பேனர் என்னிடம் இல்லை, கையை நம்பினேன்.

இரவு பதினொன்றுக்குத் தெருவில் நாலு சுற்று. நின்று மிதித்தேன். சத்தமே இல்லை. அழுகை வந்துவிட்டது.

செப்டம்பர் 11
எட்டு நிமிடம் முன்னாலேயே வார்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

செப்டம்பர் 13
பழைய கேசட்டை மண்ணெண்ணெயில் ஊற வைத்து, பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, துணியில் சுற்றி அவன் அலமாரியில் வைத்தேன். எதற்கு என்று தெரியவில்லை. தூக்கிப் போட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

செப்டம்பர் 14
டிஸ்சார்ஜ் தள்ளிப்போகிறது. எத்தனை நாள் என்று டாக்டர் சொல்லவில்லை.

செப்டம்பர் 16
சொல்லிவிட்டேன். ஆல்டஸ் என்றும் சொன்னேன். ரொம்ப நேரம் கண்ணை மூடியிருந்தான். அப்புறம் கேட்டான்:
"எத்தனை பல்லு?"
"பதினொண்ணுலேர்ந்து முப்பத்திநாலு, அண்ணா."
"முன்னாடி நடுச் சக்கரத்தைப் பார்த்தியா?"
பார்க்கவில்லை.

செப்டம்பர் 17
பார்த்தேன். 32 பல், அலுமினியம், ஓரமெல்லாம் கொக்கி மாதிரி வளைந்திருக்கிறது. சேறு பட்டால் செயின் கீழே விடுபடாமல் பல்லோடு ஒட்டிக்கொண்டு மேலே வருகிறது. இரும்பில் கிடைக்கும், விலையும் குறைவு, தேயவும் நாளாகும். நாலு போல்ட்தான். நாளை வார்டிலிருந்து திரும்பும் வழியில்