கைக்கண்ணாடியில் ஒரு முகம்

சாலை விபத்தில் அடிபட்ட எங்கள் பையனின் ஆபரேஷன், ஐசியூ பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதல் 48 மணி நேரச் செலவு, விபத்தில் அடிபட்டவர்களுக்கான தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் போனது. நாங்கள் அலைந்ததெல்லாம் அதற்கப்புறம்தான்.

எட்டு வயதுப் பையன். கண் திறந்திருக்கும், கூப்பிட்டால் திரும்பமாட்டான். மூக்கில் உணவுக் குழாய், கழுத்தில் மூச்சுவிடத் துளையிட்டு வைத்த டிராக்கியாஸ்டமி குழாய். சளி உறிஞ்சுவதை டிஸ்சார்ஜ் அன்று பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்றாம் நாள் இரவு கரண்ட் போய் மெஷின் நின்றது. கழுத்துக் குழாயில் சளி கொரகொரவென்று இழுக்க, எதிர்வீட்டு இன்வர்ட்டரிலிருந்து வயர் இழுத்தோம். காலால் மிதிக்கிற சக்‌ஷன் பம்ப் ஒன்று உண்டு என்று அப்புறம்தான் தெரிந்தது. முதலிலேயே வாங்கிவிடுங்கள். நர்ஸ் பக்கத்தில் இருக்கும்போதே வீட்டில் இரண்டு பேர் தங்கள் கையால் உறிஞ்சிப் பழகிவிடுங்கள்.

மாற்றுத்திறனாளிச் சான்றுக்கு ஆம்புலன்ஸ் வைத்துக் கூட்டிப்போனோம். போட்டோவைப் பார்த்த கிளார்க், "மூக்குல குழாய் இல்லாத படம் கொண்டாங்க" என்றார். குழாயைப் பிடுங்கிவிட்டா படம் எடுப்பது? அன்று திரும்பிவிட்டோம். அடுத்த முறை மருத்துவக் குழு டாக்டரிடமே நேராகக் கேட்டேன். அதே படம் போதும் என்றார். ஆம்புலன்ஸ் வாடகை போனது போனதுதான்.

தலை வாரும்போது பையன் தன்னைப் பார்ப்பதாக மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். "அது ரிஃப்ளெக்ஸ்மா, தானா நடக்கிற அசைவு" என்று டாக்டர் முடித்துவிட்டார். வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பெண்தான் ஒரு கைக்கண்ணாடி கேட்டார். பொம்மையைத் தொடராத கண்கூடத் தன் முகத்தைத் தொடருமாம்; அப்படித் தொடர்ந்தால் உணர்வு இருப்பதற்கு அது ஓர் அடையாளமாம். பிடித்துக்கொண்டு மெதுவாக இடப்பக்கம் நகர்த்தினார். கருவிழி ஒரு நொடி தயங்கிவிட்டுப் பின்னாலேயே போனது. வலப்பக்கமும் போனது. மறுபடி செய்தபோது ஒன்றுமில்லை, களைத்துவிட்டான்.

பெல்ஜியத்தில் 2009-ல் வெளியான ஆய்வு ஒன்றையும் அவர்தான் சொன்னார். உணர்வே இல்லை என்று மருத்துவர்கள் முடிவு கட்டிய 44 பேரை முறையான அளவுகோல் வைத்துச் சோதித்தபோது, 18 பேருக்குக் கொஞ்சம் உணர்வு இருந்ததாம். ஒருமுறை பார்த்து முடிவு கட்டக்கூடாது என்பதற்காகச் சொன்னார். அதனால் காலையில், குளிப்பாட்டிய பிறகு, நன்றாக விழித்திருக்கும் நேரமாகப் பார்த்துத் தினமும் வீடியோ எடுத்தோம். தூக்கம் வரவைக்கும் மாத்திரை கொடுத்தபின் எடுத்தால் வீண்.

மறுவாழ்வு வார்டில் சேர்க்கக் கேட்டபோது, டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் படித்துவிட்டு, "வீட்லயே வச்சுப் பாருங்க" என்றார்கள். ஒன்பது வீடியோவையும் காட்டினேன். பெரிய டாக்டர் கண்ணாடியை வாங்கித் தானே செய்துபார்த்துவிட்டு, அட்மிஷன் நோட்டில் 'கண்ணால் தொடர்கிறான்' என்று எழுதினார். மனைவி அந்த வரியைப் போட்டோ எடுத்துக்கொண்டாள்.