ஹெச்ஐவி டெஸ்ட்டும் அந்த வெயிட்டிங்கும்

காண்டம் கிழிஞ்சிருச்சு, விஷயம் அவ்வளவுதான். கூட இருந்தவங்களுக்கு ஹெச்ஐவி இருக்கா இல்லயான்னு எனக்குத் தெரியாது, கேட்டப்போ அவங்களுக்கும் தெரியல, கடைசியா எப்போ டெஸ்ட் பண்ணோம்னே ஞாபகம் இல்லன்னாங்க. பெப்னு ஒரு மாத்திரை இருக்கு, 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சு 28 நாள் விடாம போட்டா தொத்திக்கிற வாய்ப்பு ரொம்ப குறையும். எனக்கு இது காதுல விழுந்தப்போ அந்த நேரம் தாண்டிருச்சு. பஸ் ஸ்டாண்ட் பஸ் ஸ்டாண்டா எய்ட்ஸ் போஸ்டர் ஒட்டுறாங்க, இத ஏன் பெருசா போட மாட்றாங்கன்னு இப்பவும் எனக்குக் கடுப்புதான்.

சரி, உடனே டெஸ்ட்டாவது எடுத்துட்டா நிம்மதின்னு நினைச்சேன், டெஸ்ட் சென்டர்ல கவுன்சிலிங் குடுக்குற மேடம்தான் உக்கார வச்சு வெவரமா சொன்னாங்க. கிருமி உள்ள போனாலும் உடனே டெஸ்ட்ல காட்டாது, அதுக்கு விண்டோ பீரியட்னு பேர். ஃபோர்த் ஜெனரேஷன் டெஸ்ட்னா பி24 ஆன்டிஜென் (கிருமியோட ஒரு புரதம்), ஆன்டிபாடி (கிருமிய எதிர்த்து நம்ம உடம்பு உண்டாக்குறது) ரெண்டையும் சேத்துப் பாக்கும், நரம்புல ரத்தம் எடுத்து லேப்ல பண்ணா 18லிருந்து 45 நாளுக்குள்ள காட்டிரும். ஆன்டிபாடி மட்டும் பாக்குற கிட்னா 90 நாள் வரைக்கும் ஆகலாம். அதுவரைக்கும் ரத்தம் குடுக்காதீங்க, காண்டம் இல்லாம யார்கூடயும் இருக்காதீங்கன்னாங்க. என் பேர், விவரம் எதுவும் வெளிய போகாதுன்னும் சொன்னாங்க, அது அப்போ எனக்கு ரொம்ப பெரிய விஷயமா இருந்துச்சு.

அதுக்கப்புறம்தான் நரகம். காலைல எந்திரிச்ச உடனே ஃபோன் டார்ச்ச வாய்க்குள்ள அடிச்சு நாக்கப் பாப்பேன், வெள்ளையா இருக்கா, புண்ணு இருக்கான்னு, அப்புறம் தெர்மாமீட்டர், அப்புறம் கழுத்துல நெறி கட்டியிருக்கான்னு அமுக்கி அமுக்கிப் பாத்து கடைசில அமுக்குனதாலயே அந்த எடம் வலிக்க ஆரம்பிச்சு, அய்யோ வலிக்குதே இதுதான் அதுன்னு நைட்டு முழுக்க தூக்கமில்ல. காய்ச்சல், தொண்டை வலி, தடிப்பு எல்லாம் 2லிருந்து 4 வாரத்துல வரலாம்னு படிச்சேன்ல, கரெக்டா அந்த நேரம் பாத்து எனக்கு ஜலதோஷம் வேற. வீட்ல தட்டு டம்ளர் எல்லாம் தனியா வச்சுக்கிட்டேன், அம்மா என்னடா புதுசா இருக்குன்னு கேட்டாங்க, ஜலதோஷம்மான்னு சமாளிச்சேன். மேடம்கிட்ட சொன்னா சிரிக்கிறாங்க. தட்டுல, டாய்லெட்ல, கட்டிப்பிடிச்சா எல்லாம் பரவாது தம்பி, சிம்ப்டம்ஸ வச்சு இருக்குன்னும் சொல்ல முடியாது இல்லன்னும் சொல்ல முடியாது, நிறைய பேருக்கு எதுவுமே தெரியாது, நீங்க கூகுள மூடுங்க முதல்லன்னாங்க. மூட முடியல. ஒரே ஒரு ஃப்ரெண்டுகிட்ட சொன்னேன், அவன் அட்வைஸ் எதுவும் பண்ணல, நைட்டு ஃபோன் பண்ணி கிரிக்கெட் பேசுவான், அதுல தூக்கம் வந்துச்சு.

45 நாள் தாண்டுனதும் ரத்தம் குடுத்தேன். ரிப்போர்ட்ல 'நான்-ரியாக்டிவ்'னு (Non-Reactive, அதாவது டெஸ்ட்ல ஹெச்ஐவி காட்டல) இருக்கு, ஆனா பக்கத்துல 0.21னு ஒரு நம்பர். கை நடுங்குது, இல்லன்னா ஜீரோதான வரணும், 0.21னா கொஞ்சம் இருக்குன்னு அர்த்தமான்னு லேப் அண்ணன்கிட்ட கேட்டேன். அது மெஷின் அளக்குற சிக்னல்ப்பா, யாருக்குப் பாத்தாலும் ஏதாவது ஒரு நம்பர் வரும், 1க்குக் கீழ இருந்தா 'நான்-ரியாக்டிவ்', கொஞ்சம் இருக்குங்கற கதையெல்லாம் இதுல கெடயாதுன்னாரு. ஒருவேளை ரியாக்டிவ்னு வந்திருந்தாலும் அதோட முடிவு பண்ண மாட்டாங்களாம், வேற டெஸ்ட் போட்டு உறுதி பண்ணுவாங்க, உறுதியானா உடனே மாத்திரை ஆரம்பிச்சிருவாங்க, ஒழுங்கா போட்டு வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கொறஞ்சு அப்படியே இருந்தா செக்ஸ் மூலமா இன்னொருத்தருக்குப் பரவவும் செய்யாது. இத மட்டும் முன்னாடியே தெரிஞ்சிருந்தா பாதி பயம் போயிருக்கும் எனக்கு.

மனசு கேக்காம 90 நாள் கழிச்சும் ஒருதடவ எடுத்தேன், அதுவும் 'நான்-ரியாக்டிவ்'. சிஃபிலிஸ், ஹெபடைட்டிஸ் பி ரெண்டையும் டாக்டர் சேத்தே பாக்கச் சொல்லியிருந்தாரு, ரெண்டும் இல்ல. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மட்டும் போடலன்னு இப்போ ஆரம்பிச்சிருக்கேன், அடுத்த டோஸ் பாக்கி.