ஏழு பாயிண்ட் வண்டியும் ஒரு தட்டு நொறுக்கலும்

2,800 ரூபாய். ஏற்காடு பஸ் நிலையத்தில் இறங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வாந்தி எடுத்த மகனுக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊரைச் சுற்றிக் காட்ட, பக்கத்தில் வந்து நின்ற வண்டிக்காரர் ஒருவர் சொன்ன தொகை அது. "ஏழு பாயிண்டுங்க்கா. நாலு மணி நேரம். கொழந்தைங்க ஜாலியா இருப்பாங்க." ஊர் திரும்பி இரண்டு நாளாகிறது, எனக்கு இன்னும் ஆறவில்லை. ஊறப்போட்ட துணியை அப்படியே விட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சரி, முறையாகத் தொடங்குகிறேன். திருச்சியிலிருந்து கிளம்பியது நாங்கள் ஐந்து பேர்: நான், கணவர், ஒன்பதாம் வகுப்பு மகள், இரண்டாம் வகுப்பு மகன், எழுபதை நெருங்கும் என் மாமியார். காலாண்டு விடுமுறை. கையில் இருந்தது 12,000 ரூபாய், அதற்கு மேல் ஒரு பைசா எடுப்பதில்லை என்று பேச்சு. சொந்த வண்டி கிடையாது. குழந்தைகளையும் வயதானவரையும் வைத்துக்கொண்டு சேலம் பக்கம் என்ன பார்க்கலாம், எதற்கு எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதித் தருவதாகத் தோழிகளிடம் சொல்லியிருந்தேன். வரிசை எவ்வளவு தூரம் நிற்கிறது என்று பார்ப்போம்.

தங்கியது சேலத்தில். ஏற்காட்டில் விசாரித்தபோது ஆயுத பூஜை நெருங்குகிறது என்று ஒரு சாதாரண அறைக்கே 4,500 கேட்டார்கள். சேலத்தில் புதிய பஸ் நிலையம் பக்கத்தில் ஒரே பெரிய அறை, தரையில் போட ஒரு மெத்தை சேர்த்து 1,600. ஏற்காட்டை 'ஏழைகளின் ஊட்டி' என்பார்கள். அந்தப் பெயரை வைத்தவர் எந்தக் காலத்தில் வந்து போனாரோ.

முதல் நாள் சாயங்காலத்தைப் பற்றித்தான் முதலில் எழுத வேண்டும், ஏனென்றால் இந்தப் பயணத்தின் சிறந்த செலவு அன்றைக்கு நடந்தது. கோட்டை மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தோம். ஆடியில் இந்தக் கோயில் பக்கம் கால் வைக்க முடியாது என்பார்கள், அன்றைக்கு நிதானமாகப் பார்க்க முடிந்தது. பசி. ஒரு தள்ளுவண்டியைச் சுற்றிக் கூட்டம். அங்கேதான் தட்டுவடை செட்.

சேலத்துக்காரர்களுக்கு இது அன்றாடம். எங்களைப் போன்றவர்களுக்காகச் சொல்கிறேன். உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு தட்டுவடை, அதன்மேல் பச்சைச் சட்னி ஒரு தீற்று, சிவப்புச் சட்னி ஒரு தீற்று, துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம், மேலே இன்னொரு தட்டுவடை. அவ்வளவுதான். ஆனால் அதை இரண்டாகக் கடித்துச் சாப்பிடப் பார்க்காதீர்கள், நான் பார்த்தேன், பீட்ரூட் முழுக்கப் புடவையில். "முழுசா வாயில போடுங்க்கா" என்றார் வண்டிக்கார அண்ணன், அதற்குள் ஆறு செட் அடுக்கிவிட்டிருந்தார். கை அப்படி ஓடுகிறது. முதலில் மொறுமொறுப்பு, அடுத்து காரம், அப்புறம் பீட்ரூட்டின் இனிப்பு வந்து காரத்தைத் தணிக்கிறது. அந்தத் தணிப்பை நம்பி அடுத்ததை எடுத்தால் மறுபடியும் காரம். பள்ளிக்கூட டப்பாவில் வைத்தால் அப்படியே திரும்பி வரும் பீட்ரூட்டை என் மகன் கேட்டு வாங்கித் தின்றான்! முறுக்கு வைத்து ஒரு செட் உண்டு. தட்டுவடையையும் முறுக்கையும் நொறுக்கி, காயும் சட்னியும் போட்டுக் கலக்கினால் அதற்கு நொறுக்கல் என்று பெயர். பல் சரியில்லாத அத்தைக்கு நொறுக்கல்தான் சரிப்பட்டது, கரண்டியால் ஒரு தட்டு முழுக்கக் காலி செய்தார். ஐந்து பேரும் வயிறு நிறையத் தின்றும் 260 ரூபாய். இரவுச் சாப்பாடு தேவைப்படவில்லை, அதுவும் மிச்சம். மாம்பழக் காலத்தில் வந்திருந்தால் குண்டு மாம்பழமும் கிடைத்திருக்கும், செப்டம்பர் கடைசியில் அதற்கு வழியில்லை.

மறுநாள் ஏற்காடு. பஸ்ஸில் கடைசி வரிசைதான் கிடைத்தது. மலைப் பஸ்ஸில் கடைசி வரிசையில் குழந்தையை உட்கார வைப்பது பாவம், தெரிந்தே செய்தோம், வேறு வழியில்லை. அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் போட்டிருக்கிறது. மகள் எண்ணிக்கொண்டே வந்தாள். ஏழாவது வரைக்கும் மகனும் சேர்ந்து எண்ணினான். பத்தாவதில் பேச்சு நின்றது. பன்னிரண்டில் முகம் வெளுத்தது. பதினாலாவது வளைவில் முதல் நாள் பீட்ரூட் திரும்பி வந்தது. முன் சீட்டில் இருந்த ஒரு பாட்டி திரும்பிப் பார்த்து, முந்தானையில் முடிந்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து, "மோந்துக்கிட்டே இரு கண்ணு" என்று கொடுத்தார். வாரம் ஒருமுறை இறங்கி ஏறுகிறவராம், எப்போதும் பழம் கையில் இருக்குமாம். இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு யோசனையை எடுத்துக்கொள்வதென்றால் அந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குப்பனூர் வழியாக இன்னொரு மலைப்பாதையும் உண்டு, சொந்த வண்டியில் வருகிறவர்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

இந்த நிலையில் இறங்கியவளிடம்தான் அந்த 2,800. பேரம் பேசி 2,000-க்கு இறக்கினேன். ஜெயித்துவிட்டதாக நினைப்பு வேறு. ஏழு பாயிண்ட்டின் லட்சணத்தைக் கேளுங்கள். முதல் பாயிண்ட் ஏரி. பஸ்ஸிலிருந்து இறங்கினால் கொஞ்ச நடை. இரண்டாவது அண்ணா பூங்கா. அது ஏரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஏரியிலிருந்து பூங்காவுக்கு எங்களை வண்டியில் ஏற்றி, கதவைச் சாத்தி, திறந்து இறக்கிவிட்டார். மூன்றாவது பாயிண்ட் ஒரு கடை! சாக்லேட், தைலம், மிளகு. கடைக்குள் போய் நின்றதும் என் கணவர் எண்ணத் தொடங்கினார், "அப்ப காசு குடுத்துப் பாக்குற எடம் நாலுதானா?" கடையில் 350 ரூபாய்க்கு மிளகும் காப்பித் தூளும் வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மிளகு நன்றாகத்தான் இருக்கிறது, அது வேறு விஷயம்.

வழியெல்லாம் காப்பித் தோட்டம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தாராம். சில்வர் ஓக் மர நிழலில் காப்பிச் செடி, அதே மரத்தில் சுற்றி ஏறும் மிளகுக் கொடி. ஒரு மரத்துக்கு இரண்டு வேலை. இதைப் பார்க்கக் காசு கிடையாது, வண்டியை நிறுத்தச் சொன்னால்தான் டிரைவருக்கு முகம் சுருங்குகிறது.

மகளுக்கு ஓர் ஆசை இருந்தது. 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கற்கருவியைக் கண்டெடுத்தாரே ராபர்ட் புரூஸ் ஃபூட், அவர் கடைசிக் காலத்தில் வாழ்ந்தது ஏற்காட்டில், நினைவிடம் இருப்பதும் இங்குள்ள பழைய தேவாலயத்தில். பாடப் புத்தகத்தில் வரும் பெயர். "ஒரு நிமிஷம் நிறுத்துங்க, பார்த்துட்டு வந்துடறோம்" என்றோம். "அது பாயிண்ட்ல இல்லீங்க்கா" என்றார். தனியாக 200 ஆகுமாம். மகள் ஒன்றும் பேசாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு வண்டியை விட்டு அங்கேயே இறங்கியிருப்பேன், முன்பணமாக 1,000 கொடுத்துத் தொலைத்திருந்தேனே.

லேடீஸ் சீட் நன்றாக இருக்கிறது. வளைவுகளும் சேலம் நகரமும் கீழே பொம்மை மாதிரி கிடக்கும் என்றார்கள். நாங்கள் போனபோது பஞ்சு மாதிரி மேகம், ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லையே என்று நான் வருத்தப்பட, மகனோ மேகத்தைக் கையால் பிடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான். பகோடா பாயிண்ட்டில் குரங்குகள் அதிகம், கையில் தின்பண்டம் வைத்துக்கொள்ளாதீர்கள். இடத்தின் பெயரைக் கேட்டதும் பக்கோடா கிடைக்கும் என்று நம்பியே வந்தார் கணவர். இந்த நகைச்சுவையை அங்கே வரும் எல்லாக் கணவர்களும் சொல்கிறார்கள் போலிருக்கிறது, பக்கத்துக் குடும்பத்திலும் காதில் விழுந்தது.

சேர்வராயன் கோயிலில்தான் எனக்கு மனசு சமாதானமானது. 5,326 அடி உயரத்தில், மலையின் தலையில், அகலமான சமவெளி. காற்று அப்படியே தள்ளுகிறது. கோயில் என்றால் கோபுரமெல்லாம் கிடையாது, குனிந்து நுழைய வேண்டிய ஒரு குகை. உள்ளே சேர்வராயனும் பக்கத்தில் காவேரி அம்மனும். மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்களெல்லாம் திரண்டு வருமாம். அத்தை பிறந்தது லால்குடி பக்கம், ஆறும் வாய்க்காலுமாக வளர்ந்தவர். முட்டி வலியோடு குனிந்து உள்ளே போனவர், வெளியே வந்ததும் "நம்ம காவேரி இங்க எங்கடி மலை ஏறி வந்து உக்காந்திருக்கா?" என்று கேட்டார். இந்தக் குகை வழி காவிரி வரைக்கும் போகிறது என்று ஊரார் நம்பிக்கை என அங்கிருந்த ஒருவர் சொன்னார். அத்தை உடனே நம்பிவிட்டார். திரும்பவும் ஒருமுறை உள்ளே போய்விட்டு வந்தார். டிரைவர் ஹாரன் அடித்தார். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கிளியூர் அருவி ஏழு பாயிண்ட்டில் இல்லை, "படி ஜாஸ்திங்க்கா, வேண்டாம்." இந்த ஒன்றில் அவர் சொன்னது உண்மை. அத்தையை மேலே உட்கார வைத்துவிட்டு நாங்கள் இறங்கினோம். ஏரி நிறைந்து வழிகிற தண்ணீர்தான் அருவிக்கு வருகிறது, அதனால் மழைக்காலத்தில் போனால்தான் பலன், கோடையில் போனவர்கள் வெறும் பாறையைப் பார்த்துவிட்டு வந்த கதைகள் உண்டு. எங்களுக்கு நல்ல தண்ணீர். மகள் தேவாலயக் கோபத்தை அருவியில்தான் இறக்கிவைத்தாள். ஏறும்போது மகன் அப்பாவின் தோளில். அப்பாவின் முகத்தைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன், வீட்டில் விவாதம் வரும்போது காட்டுவதற்கு.

கடைசியில் 'வெயிட்டிங்' என்று 300 சேர்த்துக் கேட்டார். தரவில்லை. 150 தந்தேன். ஆக 2,150. ஏரி, பூங்கா, கடை மூன்றையும் கழித்தால் எங்களுக்கு வேண்டியிருந்தது சேர்வராயன் கோயில், பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட், அதோடு ஏழு பாயிண்ட்டில் சேராத அருவி. திரும்பும் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஒரு ஆட்டோக்காரரிடம் சும்மா கேட்டுப் பார்த்தேன், இந்த நாலுக்கும் 1,200 என்றார். கேட்டிருக்கவே கூடாது. இறங்கியதும் ஓடி வருகிறவரிடம் பேசாதீர்கள். முதலில் ஒரு டீ குடியுங்கள், ஏரியையும் பூங்காவையும் நடந்தே முடியுங்கள், அப்புறம் வேண்டிய இடத்தை மட்டும் பெயர் சொல்லிப் பேசுங்கள். ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி சூடாகக் கிடைக்கிறது, யோசிக்க நல்ல துணை. படகுக்கு வரிசை நீளமாக இருந்ததால் நாங்கள் ஏறவில்லை.

அடிவாரத்தில் இருக்கும் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்கு மூன்றாம் நாள் காலை போனோம். புள்ளிமான், மயில், நிறைய மரம், நடக்க இடம். சின்னக் குழந்தைகளுக்கு இரண்டு மணி நேரம் தாங்கும். வண்டலூரை மனசில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

பிற்பகல் மேட்டூர். சேலத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் அளவு, பஸ் அடிக்கடி இருக்கிறது. அணைப் பூங்காவில் ஊஞ்சலும் சறுக்கலும் கண்டதும் மகன் எங்களை மறந்தான். அத்தைக்குப் பூங்கா தேவைப்படவில்லை. காலையில் பேப்பர் வந்ததும் தங்கம் விலைக்கு முன்னால் மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்க்கிறவர் அவர். ஜூன் 12 தண்ணீர் திறப்பார்களா, குறுவை உண்டா என்று அப்பா வீட்டில் பேசிப் பேசியே வளர்ந்தவர். 1934-இல் கட்டி முடித்த அணை, 120 அடிதான் முழு நீர்மட்டம் என்பதெல்லாம் எங்களுக்கு அவர்தான் சொன்னார். ஆனால் அணையை இத்தனை வயதில் இப்போதுதான் நேரில் பார்க்கிறார்.

ஆற்றோரம் ஒரு மீன் கடையில் உட்கார்ந்தோம். மீனை நீங்களே காட்டலாம், அங்கேயே மசாலா தடவிப் பொரித்துத் தருகிறார்கள். கடைக்கார அம்மா எடை போட்டு, விலையை முதலிலேயே சொல்லி, "சின்னவருக்கு முள் இல்லாத துண்டு போடுறேன் சாமி" என்றார். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட, சோறும் குழம்பும் சேர்த்து 680. கூடுதலாக ஒரு ரூபாய் இல்லை. அத்தைக்குப் புரட்டாசி என்பதால் மீன் கிடையாது, தயிர் சோறு. அதற்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார் அந்த அம்மா.

தாரமங்கலம் விட்டுப்போனது. கல்லாலேயே செய்த சங்கிலியும், சிங்கத்தின் வாய்க்குள் உருளும் கல் பந்தும் உள்ள கைலாசநாதர் கோயில். மகள் அதையும் தேவாலயத்தையும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறாள். 12,000-இல் மிச்சம் 410 ரூபாய். அதில் தட்டுவடை நான்கு பாக்கெட் வாங்கினேன், சட்னி தனியாகக் கட்டித் தந்தார்கள். நாமக்கல் தாண்டும்போது பை முழுக்கச் சிவப்புச் சட்னி. ஊறப்போட்டிருக்கிறேன் என்றேனே, அந்தத் துணிதான்.